கையைக் கட்டிக்கொண்டு எழுதிய தேர்வு

மதுரையில் பதினான்கு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். யாருக்காவது ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டர்களே என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்து ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஊசி கிடக்கட்டும், மாத்திரை டப்பாவைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த நாட்டு லைசென்ஸ் வரும்வரை நான் வெறும் உதவியாளர். படுக்கை விரிக்கலாம், தட்டு எடுக்கலாம், உடம்பு துடைத்துவிடலாம்.

என் படிப்பை அங்கீகரிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். இரண்டாம் ஆண்டில் மனநல வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்டு எழுதினார்கள். அதை யார் எண்ணினார்கள்? மதுரைக்கு எழுதி, அங்கிருந்து ஒரு சீல் வாங்கி, அந்த சீலுக்கு மேல் இன்னொரு சீல் வாங்கி அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. என் படிப்பில் என்னென்ன குறை என்று நான்கு பக்கம். என் மாமியார்கூட ஒரே மூச்சில் அவ்வளவு குறை சொன்னதில்லை.

குறையைத் தீர்க்க இரண்டு வழி இருந்தது. பல மாதம் வகுப்பில் உட்காரலாம், அல்லது ஒரு தேர்வு எழுதலாம். நான் தேர்வைத் தேர்ந்தெடுத்தேன். திமிர்தான், வேறென்ன. பதினான்கு வருடம் வேலை பார்த்தவளை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பதா?

வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது செய்முறை. உண்மையான வார்டில், உண்மையான நோயாளியை, தேர்வாளர்கள் பார்க்கக் கவனித்துக்கொள்ள வேண்டும். எனக்கு முன்னால் எழுதிய தமிழ் நர்ஸுகள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எச்சரித்தார்கள். "நம்ம ஊர்ல குளிப்பாட்டுறது, ஊட்டுறது எல்லாம் கூட இருக்குற சொந்தக்காரங்க வேலை. இங்க அது நர்ஸ் வேலை. அதுல லேசா தயங்கினாலும் ஃபெயில் போட்டுருவாங்க."

நான் ஏன் தயங்கப்போகிறேன்? எனக்குக் கொடுத்தது பக்கவாதம் வந்த ஒரு வயதான அம்மாள். இடது கை வராது, வலது கை நன்றாக வரும். முகம் துடைத்தேன், பல் விளக்கிவிட்டேன், கைகால் கழுவி எண்ணெய் பூசி, தலை வாரி, சட்டை மாட்டி, ரொட்டியில் வெண்ணெய் தடவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வாயில் வைத்தேன். முப்பத்தைந்து நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் சிந்தவில்லை. அந்த அம்மாள் ஒரு பேச்சும் பேசவில்லை. திருப்தியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தலைமைத் தேர்வாளரான பெண்மணி எழுதிக்கொண்டே இருந்தார். பாராட்டித்தான் எழுதுகிறார் என்று நான் மனதுக்குள் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன்.

தேறவில்லை என்றார்.

காரணம் கேட்டேன். "எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டீர்கள்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை செய்யாததற்கு ஃபெயில் பார்த்திருக்கிறேன். செய்ததற்கு ஃபெயிலா? இன்னும் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும் என்றார். அதிலும் தவறினால் இந்த நாட்டில் நான் எந்தக் காலத்திலும் நர்ஸ் ஆக முடியாது. கடைசிவரை தட்டு எடுக்கலாம், அல்லது பெட்டியைக் கட்டலாம்.

வார்டில் என்னோடு வேலை பார்த்தவள் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், லைசென்ஸ் இருப்பதால் எனக்கு மேலே. அவளிடம் போய்ப் புலம்பினேன்.

"அக்கா, அந்த அம்மாவுக்கு வலது கை வடிவா வேலை செய்யுதுதானே?" என்றாள்.

"செய்யுது."

"பிறகேன் நீங்கள் முகம் துடைச்சு விட்டனீங்கள்?"

"பாவம், வயசானவங்க."

"என்ன பாவம்? அவ செய்யக்கூடியதை நீங்கள் செய்தால் அவவுக்கு ஏலாதெண்டு நீங்களே முடிவு கட்டுற மாதிரி. ரெண்டு கிழமை அப்பிடியே விட்டால் அந்தக் கையும் போயிடும். முதலில உங்கட கையைக் கட்டுங்கோ அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. போன வருடம் மதுரையில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது லீவு போட்டுப் போய் மூன்று வாரம் கூடவே இருந்தேன். பல் தேய்த்து, ஜடை பின்னி, சோறு பிசைந்து ஊட்டி, அவரை ஒரு விரல் அசைக்க விட்டதில்லை. தெருவே வந்து பார்த்து மெச்சியது. பிள்ளை என்றால் இப்படி இருக்கணும் என்றார்கள். அதையே இங்கே செய்தால் நான்கு பேர் உட்கார்ந்து தப்பு என்கிறார்கள். எது சரி, அல்லது இரண்டும் சரியா, மதுரையில் ஒன்றும் ஸ்டுட்கார்ட்டில் ஒன்றுமாக ஒரே உடம்புக்கு இரண்டு வைத்தியம் உண்டா? யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம்.

புரிகிறதோ இல்லையோ, தேற வேண்டும். வீட்டில் பயிற்சி எடுத்தேன். என் கணவர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஆயிரம் பேருக்கு மெஷின் வடிவமைப்பார், தன் தட்டில் தானே குழம்பு ஊற்றத் தெரியாது. ஒருநாள் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன, கோவமா?"

"இல்ல, படிக்கிறேன்."

அவர் கரண்டியை எடுக்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்தில் என் கை மூன்று தடவை முன்னால் வந்துவிட்டது. பிரச்சினை அவரிடமா என்னிடமா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

இரண்டாவது தேர்வுக்கு வந்த நோயாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு கையும் நடுங்கும். தானே முகம் கழுவினார். பாதித் தண்ணீர் சட்டையில். நான் துண்டை எடுத்து அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு நின்றேன். பிறகு வேறு சட்டை போட்டுக்கொண்டு பட்டன் மாட்டத் தொடங்கினார். ஐந்து பட்டன். முதல் பட்டனை ஓட்டைக்குள் விடுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பின்னால் கட்டிய கையில் நகம் பதிந்தது. கடிகாரம் என்னை முறைத்தது. மதுரையில் இந்த நேரத்தில் ஆறு பேருக்கு டிரிப் போட்டிருப்பேன். இங்கே ஒரு மனிதர் சட்டை போடுவதை வேடிக்கை பார்க்கிறேன், அதற்கு மார்க் போட ஆட்கள்.

ஐந்தையும் மாட்டி முடித்துக் குனிந்து பார்த்தார். ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது. என் கை கிளம்பிவிட்டது. அதைப் பாதி வழியில் நிறுத்தி, "எப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் ஐந்தையும் கழற்றினார். மறுபடி முதலிலிருந்து. முடித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, பஸ்ஸை ஸ்டாண்டில் சேர்த்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

பிறகு நடந்த பேச்சில், எது கடினமாக இருந்தது என்று அதே தலைமைத் தேர்வாளர் கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் மறந்துபோனது. "சும்மா நிற்பது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். இந்த முறை அவர் எழுதுவதைப் பார்த்து நான் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை.

தேறிவிட்டேன் என்றார்கள். சில வாரங்களில் லைசென்ஸ் தபாலில் வந்தது. ஒரே ஒரு தாள். இரண்டரை வருடம் இதற்குத்தான் நாயாய் அலைந்தேனா என்று இருந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் களைப்புதான் வந்தது.

அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். வழக்கமாக அண்ணி ஃபோனைப் பிடித்துக்கொள்வார், அம்மா முகம் நேராகத் தெரியும். அன்று படம் தாறுமாறாக ஆடியது. மின்விசிறி தெரிந்தது, பாதிக் காது தெரிந்தது. லைசென்ஸைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லா இரு. பரீட்சையில என்ன செய்யச் சொன்னாங்க?"

"ஒண்ணும் செய்யாம நிக்கச் சொன்னாங்கம்மா. ஒரு பெரியவர் சட்டை பட்டன் போட்டாரு. நான் கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தேன்."

சிரிப்பார், இதுக்கா அவ்வளவு தூரம் போன என்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"அவரே போட்டாரா?"

"அவரேதான். ரெண்டு தடவை."

படம் சாய்ந்து மறுபடி மின்விசிறிக்குப் போனது.

"உங்க அண்ணியும் ஊட்டித்தான் விடுறா. ஒரு வாய் இறங்குமுன்ன அடுத்த வாய். நீ வந்திருந்தப்பவும் அப்படித்தான். எனக்கு இடது கை நல்லாத்தான் இருந்துச்சுடி. சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னு வாயைத் திறந்துக்கிட்டேன்."

ஒன்றும் பேசாமல் ரொட்டித் துண்டுக்கு வாய் திறந்த அந்த முதல் தேர்வு அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது. பழக்க தோஷத்தில், "படம் ரொம்ப ஆடுதும்மா, ஃபோனை அண்ணிகிட்டக் குடுங்க" என்றேன்.

"அவ கடைக்குப் போயிருக்கா. நானேதான் பிடிச்சிருக்கேன்" என்றார் அம்மா. "ஆடட்டும்."