மதினி வந்த மலை

அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி டெல்லிக்கு வந்த மறுநாள், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் சின்ன அறையில் உட்கார்ந்து அவளுடைய பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கினோம். வெள்ளைத் துணி ஒன்றுகூட இல்லை. கைக்குட்டைகூடப் பழுப்பு நிறம். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாள். "எங்க ஊர்ல வெள்ளை தாங்காது. ரெண்டு தடவை தோய்ச்சா செங்கல் கலர்ல ஆயிடும். ஸ்கூல் சட்டையே அப்படித்தான் போட்டுட்டுப் போவோம்." என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

அந்த ஊர் கிரந்துல். நடு இந்தியாவின் பஸ்தர் காட்டுக்குள், பைலாடிலா மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பைலாடிலா என்றால் எருதின் திமில். தூரத்திலிருந்து பார்த்தால் மலையின் முதுகு அப்படித்தான் எழும்பி நிற்கும். உள்ளே முழுக்க இரும்பு. மதினியின் அப்பா அரக்கோணத்துக்காரர். கல் உடைக்கும் ஆலையில் ஃபிட்டர். அவர் வேலைக்குப் போனபோது அங்கே தெருவே கிடையாதாம். காடும் பழங்குடி கிராமங்களும் வாரச் சந்தையும்தான். பிறகு தெலுங்கர், மலையாளி, வங்காளி என்று எல்லாரும் வந்து குவார்ட்டர்ஸ் நிறைந்து ஊரானது. மலையில் வெட்டி உடைத்த கல் சரக்கு ரயிலில் விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் ஜப்பானுக்கும் போகும். "எங்க ஊர்த் தண்டவாளமே கல்லுக்குப் போட்டதுதான். மனுஷங்களை ஏத்தினது அப்புறம்" என்பாள் மதினி, ஏதோ பெருமைபோல.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலிருக்கும் மலை மந்திர் கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது தெரிந்தவர்கள் யாராவது, "மருமகளுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். அம்மா முந்திக்கொண்டு, "அரக்கோணம்" என்பாள். மதினி மெதுவாக, "இல்ல அத்தை, கிரந்துல்" என்பாள். ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "ஏளா, பொழைக்கப் போன இடம் எப்படிச் சொந்த ஊராவும்? வேலை முடிஞ்சா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவான். நாங்களும் இத்தனை வருஷமா குவார்ட்டர்ஸ்லதானே கெடக்கோம். ஆர்.கே.புரத்தை எங்க ஊருன்னா சொல்லுதோம்?" அதற்குப் பிறகு மதினி கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

அம்மா சொன்னதுபோலவே அவள் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு நான் போனேன். விசாகப்பட்டினத்தில் மாறி ஏறிய ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு குகையைத் தாண்டினால் அடுத்த குகை. ஊர் நெருங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் உள்ளங்கை செந்தூசி படிந்து சிவந்திருந்தது. மதினி அதைப் பார்த்துவிட்டு, "வந்தாச்சு" என்றாள்.

மூட்டை கட்டி முடித்த அன்று என்னை பஸ்ஸில் தந்தேவாடாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே சங்கினி, டங்கினி என்று இரண்டு ஆறுகள் கூடுகின்றன. சங்கினி மலையிலிருந்து சிவப்பாக வருகிறது. மற்றது தெளிந்த ஆறு. கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, பிறகு கலக்கின்றன. மதினி கரையில் குந்தி, சிவந்த தண்ணீரில் கையை வைத்தாள்.

"எங்கம்மாவை இங்கதான் கரைச்சோம். அப்ப நான் ரொம்பச் சின்னவ."

நானும் பக்கத்தில் குந்தினேன்.

"இந்த ஆறு இப்படிச் செவந்தது சுரங்கத்தாலதான். இதைக் குடிச்சிட்டிருந்த கிராமத்து ஜனங்க குடத்தைத் தூக்கிட்டு எங்கெங்கயோ நடக்கிறாங்க. எங்களுக்குச் சோறு போட்ட மலைதான் அவங்களுக்கு இதைச் செஞ்சுது. அது எனக்குத் தெரியும். ஆனா எங்கம்மா இதுலதானே இருக்கா. நான் வேற எந்த ஊரைச் சொல்லட்டும்?"

டெல்லிக்குத் திரும்பியதும் இதை அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. அதன் பிறகு கோயில் படியில் யார் கேட்டாலும் அம்மா வாயைத் திறக்காமல் மதினியின் முகத்தைப் பார்த்தாள்.

மதினியின் அப்பா எங்களோடு டெல்லிக்கு வந்து குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டார். பின்னாளில் அண்ணன் மயூர் விஹாரில் ஃப்ளாட் வாங்கி அம்மாவோடு குடிபோனபோதும் கூடவே போனார். காய்கறி வண்டிக்காரரிடம் "அரே பையா, ஜல்தி தோ" என்று, சீக்கிரம் கொடுக்கச் சொல்லி பஸ்தர் இந்தியில் அதட்டுவார். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே கொசுறாகக் கொத்துமல்லி போடுவார். போன குளிர்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சாம்பலை ஹரித்வாருக்குக் கொண்டுபோக அண்ணன் டாக்ஸி பேசினான். காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம், எல்லாருக்கும் சௌகரியம். மதினியும் தலையாட்டிவிட்டாள். கண் பார்வை மங்கிப்போய்க் கட்டிலோடு இருக்கும் அம்மாதான் சத்தம் கொடுத்தாள்.

"ஹரித்வார் எதுக்குல? அங்க அவருக்கு யாரு இருக்கா?" என்று அண்ணனை அதட்டிவிட்டு, கையை நீட்டித் துழாவி மதினியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "உங்க அப்பாவை உன் ஊருக்குக் கூட்டிட்டுப் போளா. உங்கம்மா கிட்டயே விட்டுட்டு வா."

மதினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணன் டாக்ஸிக்காரருக்கு வேண்டாமென்று சொல்லப் போனான். விசாகப்பட்டினத்துக்கு டிக்கெட் எடுக்க நான் எழுந்தேன்.