ஜவாப் சொல்லும் வரிசை

மங்கலம்பேட்டையில் என் மனைவியின் தாய்வீட்டில் ரபியுல் அவ்வல் மாதம் பிறந்தால் நபியின் புகழ் பாடும் மவ்லிது ஓதுவார்கள். கூடத்தில் ஆண்கள் எதிரெதிரே இரண்டு வரிசையாகப் பாயில் உட்காருவார்கள். ஒரு வரிசை பைத்து என்னும் பாட்டடியை எடுத்துக் கொடுக்கும். எதிர் வரிசை அதற்கு ஜவாப் சொல்லும். பெண்கள் உள்ளறையில் இருந்து கேட்பார்கள். என் மாமனார் ஜவாப் வரிசையில்தான் உட்காருவார். எல்லோரும் முடித்த பிறகும் அவர் குரல் மட்டும் ஒரு மூச்சு நீளமாக நிற்கும். அடுத்த பைத்தை எடுப்பவர்கள் அது அடங்கும்வரை காத்திருப்பார்கள்.

அரபு நாட்டுக்கு வேலைக்குப் போய் முதல் விடுமுறையில் வந்தபோது நான் ஒரு ஸ்டீரியோ டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தேன். அதில் இரண்டு மைக் மாட்டலாம். அந்த வருஷம் மவ்லிதில் பைத்து ஓதும் வரிசைக்கு முன்னால் ஒரு மைக்கும், ஜவாப் வரிசைக்கு முன்னால் ஒரு மைக்கும் வைத்தேன். ஜவாப் இடப்பக்கம், பைத்து வலப்பக்கம் என்று தனித்தனியாகப் பதிய வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்படியே பதிந்தது. மூன்று வருஷம் கழித்து மாமா மவுத்தாகிவிட்டார். நான் அப்போது அரபு நாட்டில் இருந்தேன். ஜனாஸாவை அடக்கும்போது வர முடியவில்லை. அந்தக் கேசட் மட்டும் என் மனைவியிடம் இருந்தது. வீட்டில் கிடந்த ஒற்றை ஸ்பீக்கர் டேப் ஒன்றில் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

நான் வேலை பார்த்தது ஒரு பெரிய வீட்டில். கூட்டித் துடைக்கிற வேலைதான். அந்த வீட்டுக்காரர் கணினியில் இருந்து ஒயர் இழுத்து, இரண்டு மூன்று பெட்டிகள் வழியாகக் கொண்டுபோய், ஹெட்போனில் கேட்பார். அந்தப் பெட்டிகளை நான் தினமும் துடைப்பேன். சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. ஒருநாள் அவரே கூப்பிட்டு என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். குர்ஆன் ஓதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஊருக்குத் திரும்பினால் இப்படி ஒன்று அமைத்து மாமாவின் குரலை என் மனைவிக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே நிய்யத் வைத்தேன்.

ஊரோடு வந்து சேர்ந்து சிதம்பரத்தில் குடியிருக்க ஆரம்பித்த பிறகு அதற்கு நேரம் வந்தது. மகள் படிக்க வாங்கிய கணினி, அவள் கல்யாணமாகிப் போனபின் சும்மா கிடந்தது. கேசட்டோ தேய்ந்துகொண்டே வந்தது. எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில் பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தருவார்கள், ஒலிச் சாமான்களும் விற்பார்கள். கடைக்காரர் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்.

"ஸ்பீக்கரா வச்சிக்கிங்க பாய். வூடே அதிரும்" என்றார்.

"வூடு அதிரக் கூடாதுன்னுதான் தம்பி வந்திருக்கேன். பக்கத்து வூட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவரு. அங்க ஒரு பெரியவரு படுத்த படுக்கையா கெடக்குறாரு. ஓதுறது அவருக்குத் தொந்தரவாயிட்டா அதுல என்னா நன்மை இருக்குது?"

"அப்ப ஹெட்போன்தான். யாருக்கு?"

"வீட்ல."

"வீட்டம்மாவுக்கா? எங்க வூட்ல ஹெட்போன் கேட்டா, நான் பேசுறது காதுல வுழக் கூடாதுன்னுதான் கேப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார்.

கணினிக்குள் வெறும் எண்ணாக இருப்பதை ஒலியாக மாற்றித் தர ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதை டாக் என்கிறார்கள். அந்த ஒலிக்குப் பலம் கொடுக்க ஓர் ஆம்ப்ளிஃபயர். பிறகு ஹெட்போன். மூன்றிலும் பல தினுசு காட்டினார். ஹெட்போனை மட்டும் நான் ஒவ்வொன்றாகத் தலையில் மாட்டிப் பார்த்தேன். முக்காட்டுக்கு மேல் மாட்டினாலும் வழுக்காமல் நிற்க வேண்டும், காதை நெரிக்கக் கூடாது. பஞ்சு வைத்த ஒன்று சரியாக இருந்தது. அதன் ஒரு காதில் இடது என்றும் மறு காதில் வலது என்றும் சின்னதாக ஆங்கில எழுத்து போட்டிருந்தது.

கேசட்டையும் கணினிக்கு மாற்றி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து பிஸ்மி சொல்லி ஒயர்களைக் கோத்தேன். கணினியில் இருந்து டாக்குக்கு ஒரு ஒயர். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரட்டை ஒயர், சிவப்பு வலது, வெள்ளை இடது. இதில் தப்பு வந்துவிடக் கூடாது என்று கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். முதலில் நான் கேட்டேன். பைத்து என் வலப்பக்கம் எழுந்தது. ஜவாப் இடப்பக்கத்தில் இருந்து வந்தது. மாமா என் இடது தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நீண்ட மூச்சு முடியும்போது அவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எழுத்தைப் பார்த்து, இடதை இடது காதிலும் வலதை வலது காதிலும் நானே மாட்டிவிட்டேன். அவள் தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்தது அந்த முகத்தில் வரவில்லை.

"எப்டி இருக்குது?"

"நல்லாருக்குதுங்க."

"உங்க அத்தா கொரலு?"

கொஞ்சம் யோசித்தாள். "நடுநடுவுல அமுங்கிப் போவுது. பரவால்ல, பழைய டேப்புதான."

அமுங்க வழியே இல்லை. நான் வாங்கிக் கேட்டேன், சரியாக இருந்தது. அவளிடம் கொடுத்தேன், அமுங்கியது. அவள் மணி உருட்டும்போது கை அசைந்து எங்கோ ஒயர் லூசாகிறது என்று முடிவு செய்தேன். கணினியின் முன்பக்கம் சொருகியிருந்ததைப் பின்பக்கம் மாற்றினேன். கடலூருக்குப் போய் வேறு ஒயர் வாங்கினேன். அப்போதும் அமுங்கியது. டாக்கையே மாற்றி வாங்கி வந்தேன்.

"பாய், இதோட மூணாவது தடவ. பொட்டி மேல தப்பு இல்ல. என் மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல. அப்ப யாரு மேல?" என்றார் கடைக்காரர்.

நல்ல கேள்விதான் கேட்டார். நான்தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவை மாற்றியபோதும் அவள், "இப்ப தேவல" என்பாள். ஆனால் உட்கார்ந்தவுடன் ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கடைசிவரை திருப்புவாள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். செட்டின் பலம் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் அடுப்படியில் இருந்து மாமாவின் குரல் கேட்டது. அவள் போனை அலமாரியில் சாய்த்து வைத்து, அதன் ஸ்பீக்கரில் மவ்லிதைப் போட்டுவிட்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பதிவை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தவனும் நான்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"அங்க இம்மாஞ் சாமான் வாங்கி வச்சிருக்கேன். நீ தகர டப்பாவுல கேக்குற?"

"வேலை பாத்துக்கிட்டே கேக்கலாம்னுதான்."

"வேலை இல்லாதப்பவும்தான் நீ அங்க வர்றதில்ல. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடு."

அவள் மீனைக் கழுவினாள். அன்றைக்கு நான் சாப்பிடும்போதுகூடப் பேசாமல் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அஸர் தொழுகை முடிந்து நான் வந்தபோது அவளாகவே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைச் சமாதானம் செய்யத்தான் உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் கணினியில் பதிவை ஓடவிட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் அசைவதைப் பார்த்தேன். ஜவாப் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் ஓடியது, துடைக்கவில்லை.

"அத்தா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்குதாங்க சரியாயிருக்குது. என்னா மாத்தினீங்க?" என்றாள்.

நான் ஒன்றும் மாற்றவில்லை. ஒரு வாரமாக எந்த ஒயரையும் தொடவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அவசரத்தில் ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருந்தாள். இடது என்று எழுதிய பக்கம் அவளுடைய வலது காதில் இருந்தது.

கணினியில் ஒரு பக்கத்து ஒலியை மட்டும் நிறுத்த வழி உண்டு. அவளுக்குச் சொல்லாமல் இடதை அணைத்து, வலதை மட்டும் ஓடவிட்டேன். பைத்து வரிசை அவளுடைய இடது காதுக்குள் முழுச் சத்தத்தில் ஓதிக்கொண்டிருந்தது. வெளியே நிற்கிற எனக்கே கேட்டது.

"நின்னு போச்சுங்க" என்றாள்.

நான் அவள் இடது காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீங்க ரெண்டாவது தடவ போனப்ப எனக்கு ஜொரம் வந்துச்சில்ல, அப்ப போனது. சீழு புடிச்சிக்கிச்சு. நரம்பு போயிடுச்சுன்னாங்க டாக்டரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போன்ல சொன்னா அங்கேருந்து நீங்க என்னா பண்ணிருப்பீங்க? வேலைய வுட்டுட்டு வந்திருப்பீங்க. இல்லன்னா வர முடியாம அழுதிருப்பீங்க. வந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். வந்தப்பறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"இந்த செட்டு வாங்குனப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"காதாலதான் இருக்கும்னு நெனச்சேன். ஆனா போன்ல முழுசா கேக்குது, இதுல கேக்கல. எனக்கே புரியல. நீங்க கடலூருக்கும் இங்கயும் அலையறீங்க. எப்டிச் சொல்லுவேன்?"

போனில் இருப்பது ஒரே ஸ்பீக்கர். இரண்டு வரிசையும் சேர்ந்து அதில் வந்துவிடும். பழைய ஒற்றை ஸ்பீக்கர் டேப்பிலும் அப்படித்தான். அதனால்தான் இத்தனை வருஷம் அவளுக்கு அத்தாவின் குரல் கிடைத்தது. நான் நல்ல சாமானாகப் பார்த்து வாங்கி, இடதும் வலதும் தப்பாமல் கோத்து, அவள் அத்தாவைக் கொண்டுபோய்ச் செத்த காதில் உட்கார வைத்திருந்தேன்.

அவள் அடுப்படிக்கு எழுந்து போன பிறகு ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். இடது காதில் இருந்து அதைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு கேட்டேன். பைத்து பக்கத்தில் கேட்டது. ஜவாப் வர வேண்டிய இடத்தில் மாமா எங்கோ இரண்டு தெரு தள்ளி நின்று ஓதுவதுபோல இருந்தது. பைத்து மைக்கில் தூரத்தில் இருந்து பதிந்த மிச்சக் குரல் அது. அதை எட்டிப் பிடிக்கத்தான் அவள் திருகைக் கடைசிவரை திருப்பியிருக்கிறாள்.

எத்தனை அடையாளம் இருந்தது. கடைத்தெருவுக்குப் போனால் எப்போதும் என் இடப்பக்கமாகத்தான் நடப்பாள். போனை வலது காதில்தான் வைப்பாள். ஐந்து வேளையும் தொழுகை முடிவில் வலப்பக்கம் சலாம் சொல்கிறேன், இடப்பக்கம் சலாம் சொல்கிறேன். கூட இருப்பவளின் இடப்பக்கம் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்ததில்லை.

மங்கலம்பேட்டையில் இருக்கும் அவள் தம்பிக்குப் போன் செய்தேன்.

"உங்களுக்கு இப்பதான் தெரியுமா மச்சான்?" என்றான். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிடுச்சு. நான் உங்க மேல கோவமா இருந்தேன். வந்து இத்தன வருஷமாச்சு, இவருக்குத் தெரியாமயா இருக்கும், தெரிஞ்சிம் கண்டுக்காம இருக்காருன்னு" என்றான்.

"இல்ல மச்சான், தெரியல" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காது டாக்டர் ஓர் அம்மா. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். இடது காது திரும்பாது என்றார். வலது காது நன்றாக இருக்கிறது, ஆனால் மெல்லிய சத்தம் பிடிப்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஹெட்போனில் ஜாஸ்தி சத்தம் வைத்துக் கேட்கிறீர்களா என்று கேட்டார். என் மனைவி எனக்கு முந்திக்கொண்டு, "எப்பயாச்சும்" என்றாள். நான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். இனிமேல் அப்படி வேண்டாம், இருக்கிற ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் இடம் மாறி அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

செட்டை விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம் என்றாள். கடைக்காரருக்குப் போன் போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி இரண்டு காதிலும் ஒரே மாதிரி வரவைக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"செட்டிங்ஸுல மோனோன்னு ஒண்ணு இருக்கும் பாய், அத ஆன் பண்ணுங்க. ஆனா இம்மாம் நல்ல சாமான வாங்கிட்டு எவனாச்சும் மோனோவுல கேப்பானா?"

"நாங்க கேப்போம் தம்பி" என்றேன். காரணம் சொல்லவில்லை. அது அவள் இத்தனை காலம் மறைத்து வைத்தது. கடையில் பேசுவதற்கு இல்லை.

மோனோ ஆக்கினேன். அரபு நாட்டில் இருந்து மைக் சுமந்து வந்து நான் பிரித்து வைத்த இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயரின் திருகில், பாதிக்கும் கீழே ஓரிடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கு மேல் திருப்புவதில்லை என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அஸருக்குப் பிறகு அவளை உட்கார வைத்து மாட்டிவிட்டேன். எந்தப் பக்கம் எந்தக் காது என்று இனிப் பார்க்க வேண்டியதில்லை. பைத்து வந்தது. ஜவாப் வந்தது. எனக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை, அவள் வாய் அசைவதில் இருந்து தெரிந்துகொண்டேன். எல்லோரும் முடித்த பிறகும் அவள் உதடு ஒரு மூச்சு நேரம் கூடுதலாக அசைந்தது. அடுத்த பைத்துக்கு முன்னால் நின்றது.

முடிந்ததும் நான் வலப்பக்கமாகக் குனிந்து, "கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. ஏன் கத்துறீங்க?" என்று ஹெட்போனைக் கழற்றினாள். "இந்தக் காது நல்லாத்தான் இருக்குது."