மிளகாய் நெடி ஏறிய பெட்டி

காணை ஊரில் மாவு மில்லை ஒட்டினாற்போல் ஒரு கடை வாடகைக்கு வந்தால் யாராக இருந்தாலும் ஒரு தடவை யோசிப்பார்கள். பிரபாவதி யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாப் பக்கம், இதைவிட என்ன வேண்டும் என்று விழுப்புரத்தில் வாங்கிய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கி, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரப்படும் என்று போர்டும் மாட்டிவிட்டாள். சிபியு பெட்டியைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக் கோபி படித்துப் படித்துச் சொன்னான்.

"யக்கா, இந்தப் பக்கத்துக் கதவ மட்டும் கழட்டாதீங்க. மாசம் ஒருவாட்டி ப்ளோயர்ல தூசி அடிச்சிடுங்க."

வெயில் வந்தது, பெட்டி கொதித்தது. இவள் கதவைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தாள். நல்ல யோசனைதான் போங்கள்! மில்லில் பறந்த மிளகாய்த்தூள் ஆறு மாதமாக அந்தக் காற்றோடு உள்ளே போய்க் குடியேறியது.

ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை விண்ணப்பம் போட்டவள் அவள்தான். திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்துக்குத் தட்டச்சர் வேலை என்று அறிவிப்பு வந்தது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. அடுத்த மாதம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு இல்லை. அப்படியும் வந்தவர்களுக்கெல்லாம் முதலில் போட்டுக் கொடுத்து, தன்னுடையதைக் கடைசி நாளுக்கு வைத்தாள் அந்தப் புண்ணியவதி. ஐந்து மணியோடு முடிகிறது. நான்கரைக்குப் பெட்டி மூன்றாவது முறையாகத் தானே அணைந்தது.

"ஐயோ, இன்னிக்கின்னு பாத்தா உயிர வாங்குவ?" என்று அழுதுகொண்டே குனிந்தாள். உள்ளே விசிறி நகர முடியாமல் சிவப்பாகத் தூசி அடைத்திருந்தது. ப்ளோயர் ஏது? மூச்சை இழுத்து வாயாலேயே ஊதினாள்.

அவ்வளவுதான். இரண்டு கண்ணும் பற்றி எரிந்தன. குடத்துத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தாள், இமை திறக்கவில்லை. தடவித் தடவி ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. கடையில் இருந்தது பென்ஷன் விண்ணப்பம் போட கெடார் ஊரிலிருந்து வந்த சின்னக்கண்ணு மட்டும். கிழவருக்கு நம்பர் தெரியும், இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது.

அதுவரை நிரப்பிய விண்ணப்பம் தளத்துக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, உள்ளே போய் அனுப்புவதுதான் பாக்கி. விரல்கள் பழக்கத்தில் தளத்தைத் திறந்து பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்துவிட்டன. திரையில் கோணல்மாணலாகக் காட்டும் ஐந்து எழுத்தைப் பார்த்து அடித்தால்தான் உள்ளே விடும்.

"தாத்தா, கோணலா அஞ்சு எழுத்து இருக்கும் பாருங்க. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க, ஜல்தி!"

"மொதல்ல ஏழு. அப்பால ரெண்டு மேடு, நடுவுல பள்ளம். அப்பால மீன் புடிக்கிற தூண்டிமுள்ளு..."

அடித்தாள்.

"சிவப்பா வந்துச்சும்மா. எழுத்து மாறிப்போச்சு."

"பரவால்ல, திரும்ப சொல்லுங்க!" ஏணியில் ஒரு படி, பாதி வளையல், கவிழ்த்த நாற்காலி என்று அவர் பெருமாளே பெருமாளே என்று கும்பிட்டுக்கொண்டு சொல்ல, இவள் முகமெல்லாம் நீர் வழிய அடித்தாள். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டு அடித்து என்டரைத் தட்டினாள்.

"இப்ப இன்னா வந்திருக்குது தாத்தா?"

"கட்டம், எழுத்து எதுவும் காணோம்மா. நடுவுல சிவப்புல ரெண்டு வரிதான் கீது."

மணி என்ன என்று அவள் கேட்கவில்லை. விண்ணப்பிக்கும் நேரம் முடிந்தது என்று எத்தனை பேருக்கு அந்த இரண்டு வரியைப் படித்துச் சொல்லியிருக்கிறாள்! மேசையில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கிழவர் குடத்துத் தண்ணீரை மொண்டு நீட்டினார்.

"மொளகா நெடிம்மா, செத்த நேரத்துல சரியாப்பூடும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார், "என்னோட பென்சனுக்கும் இன்னிக்கே கடைசியாம்மா?"

"இல்ல தாத்தா," என்றாள் பிரபாவதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு. "உங்களுக்கு டைம் இருக்குது. உக்காருங்க, போட்டுத் தர்றேன்."