முகம் பார்க்காமல் நிரப்பிய படிவம்

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில், நண்பரின் கடைப் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்குப் பிரெஞ்சுப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பேன். காசு வாங்குவதில்லை. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

2012இல் புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து ஓர் அக்கா வந்தார். வைத்தியச் செலவில் அரசாங்கம் தராத மிச்சத்தைக் கொடுக்கும் ‘மியூச்சுவெல்’ காப்புறுதி ஒன்றை அவருக்குத் தெரிவு செய்ய வேண்டும். பின்னால் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். படிவத்தில் குனிந்தபடியே கேட்டேன்.

“கண், பல்லு, காது, ஒண்டிலையும் பிரச்சினை இல்லைத்தானே?”

“ஓம்.”

“அப்ப ஆகக் குறைஞ்ச காசுக் காப்புறுதியே காணும், என்ன?”

“ஓம், தம்பி.”

ஐந்து நிமிடத்தில் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்று வைத்தியர் எழுதியிருந்தார். நான் எடுத்துக் கொடுத்த காப்புறுதி அதற்கு அநேகமாக எதுவும் தராது. வருடம் முடியாமல் மாற்றவும் இயலாது.

“அக்கா, அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!” கடிதத்தைப் பார்த்தபடியே எரிந்து விழுந்தேன்.

“என்ரை முகத்தைப் பாத்துக் கதையுங்கோ தம்பி. வாயைப் பாத்தால்தான் எனக்கு விளங்கும். விளங்காத இடத்திலை ஓம் எண்டு சொல்லிப் பழகிப்போச்சு.”

மிச்ச மாதங்களையும் அவர் அந்த ‘ஓம்’ஐ வைத்தே சமாளித்தார். வருடம் முடிந்ததும் காப்புறுதியை மாற்றினோம். காதில் கருவிகளோடு வந்தவர், நான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்வதைக் கண்டு சிரித்தார்.

“இப்ப நீங்கள் குனிஞ்சுகொண்டு கதைச்சாலும் கேக்கும்.”

இன்றைக்கும் எந்தப் படிவத்தையும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறேன். அவர் அப்படிச் சொல்லிச் சிரித்த அன்றைக்கு மட்டும், வெட்கத்தில் என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.