விவசாயம் தெரியாத கிராம சேவக்

பிறந்ததிலிருந்து ஏர் பிடித்தவர்களுக்கு, ஏரைத் தொட்டே பார்க்காதவன் விவசாயம் சொல்லிக்கொடுப்பதுதான் கிராம சேவக் உத்தியோகம். ஐம்பதுகளில் என்னைக் கெலமங்கலம் பக்கம் போட்டார்கள். நான் கிருஷ்ணகிரித் தையல்காரர் மகன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் வீட்டில் சம்பளம் வாங்குபவன் நான் ஒருவன்தான். பயிற்சியில் படித்ததெல்லாம் நோட்டுப் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. என்றைக்காவது குட்டு உடையும், சீட்டுக் கிழியும் என்று பயந்துகொண்டே இருப்பேன். உங்கள் ஆபீசில் நீங்களும் அப்படிப் பயந்ததுண்டா? வாருங்கள், நாம் ஒரே கட்சி.

நசுங்கிய ராகி

முதல் வாரம். முனியப்பா என்கிற விவசாயி, முளைத்து வந்த ராகிப் பயிரின்மேல் மாட்டைப் பூட்டி ஒரு மரக்கட்டையை இழுத்துக்கொண்டு போனார். பயிரெல்லாம் மடங்கிப் படுத்துவிட்டது. பங்காளிச் சண்டை, கோபத்தை வயலில் காட்டுகிறார் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஓடிப்போய் மாடுகளுக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்று, "கோவத்துல செய்யற காரியமாங்க இது?" என்று கத்தினேன்.

முனியப்பா மாட்டை நிறுத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நசுக்குனாத்தாங்க ராகி பக்கத்துல கெளச்சுத் தூரு கட்டும். நீங்க வெயில்ல நிக்காதீங்க, அப்படி நெழல்ல போயி ஒக்காருங்க."

ஜீப்பில் வந்தவர்

மேலதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றதும் எனக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை. கயிறு பிடித்து வரிசையாக நட்ட நெல் வயலைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். "ம்ம்" என்றார். சரி, மனிதர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். வேடிக்கை பார்த்த ஊர்க்கூட்டம் கலைந்ததும் தோளில் கைபோட்டு ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

"ஏம்ப்பா, நான் பத்திர ஆபீஸ்லேர்ந்து மாத்தலாகி வந்தவன். மண்ணை மோந்து பாத்தா என்னப்பா தெரியும்? எல்லாரும் மோக்கறாங்களேன்னு நானும் மோந்தேன்."

கௌரம்மாவின் நாற்றங்கால்

இதோடு என் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் ஜீப்பில் போய்விடுவார், நான் அல்லவா ஊருக்குள் நடக்க வேண்டும்!

புருஷன் இறந்தபின் தனியாகப் பயிர் செய்துவந்த கௌரம்மா என்னை நிறுத்தினார். நெல் நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. "இது போச்சுன்னா இந்த வருசம் நடவே இல்லீங்க" என்றார். வழக்கமாகத் தழைச்சத்து, மணிச்சத்து என்று எதையாவது உளறிவிட்டு நழுவிவிடுவேன். அந்த முகத்தைப் பார்த்து உளற வாய் வரவில்லை. "எனக்குத் தெரியலம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பார்த்தேன், சுற்றிலும் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி போய், விவரம் தெரிந்த அதிகாரியைக் கேட்டு, மறுநாளே திரும்பினேன். தேங்கிய தண்ணீரை வடித்து, உரம் போட்டோம். நாற்று மெல்லப் பச்சை பிடித்தது. "அன்னிக்கே சொல்லத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன். கௌரம்மா சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு முன்னால இருந்தவருக்கு எல்லாமே தெரியுங்க. ஒருக்கா சொல்லிட்டுப் போனாரு, அப்புறம் இந்தப் பக்கமே வரல."

ஓய்வு பெற்ற அன்று 'விவசாய நிபுணர்' என்று சொல்லி மாலையோடு வந்தார்கள். யாருக்கு என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தை நீட்டினேன்.