பால் ஊற்றிய மீன் சூப்

கிளாராவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று நாகல் நகரில் சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கு அது உடம்பு முழுக்க இருந்தது. கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வீட்டில் இருபத்தோரு வருடம் சமைத்தவள். கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. 1997இல் அந்தத் தம்பதி வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கள் தேசத்துக்குப் போய்விட, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ட்ரங்குப் பெட்டியும் அடி கனத்த ஒரு பாத்திரமுமாகத் தம்பி ராயப்பராஜ் வீட்டில் வந்து இறங்கினாள்.

ராயப்பராஜுக்கு அக்கா என்றால் பயம், பெண்டாட்டி என்றால் இன்னும் பயம். பெண்டாட்டி பிரிஸ்கில்லா தொடக்கப்பள்ளி டீச்சர். வாய்க்கு வாய் “மதினி” என்பாள், “நீங்க, வாங்க” என்பாள். ஆனால் வந்த அன்றே எல்லைக்கோடு போட்டுவிட்டாள்.

“மதினி, அடுப்பு ஒண்ணுதான் இருக்கு. நான் எறக்கி வச்ச பெறகு நீங்க என்ன வேணாலும் பொங்கிக்கிருங்க.”

ஒரு பங்களாவின் அடுப்படியையே ஆண்டவளிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கிளாரா அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் பிரிஸ்கில்லா குழாயடியில் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் கட்டுவது அகலத் தோல்பட்டை போட்ட ஆம்பிளை வாட்ச். அது ஏன் என்று கிளாராவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெள்ளையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்த பிரிஸ்கில்லா ஈரக் கையோடு வாட்ச்சை மாட்டிக்கொண்டாள்.

“என்ன மதினி பார்வை?”

“ஒண்ணுமில்ல.”

கிளாரா அதை யாரிடமும் சொல்லவில்லை. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிஸ்கில்லாவைப் பற்றிப் பேசுவதே அவளுக்கு வாய்க்கசப்பு.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் அவள் முதன்முதலில் அந்த சூப்பை வைத்தாள். கிதர் முகம்மது கடையில் ஐஸில் கிடந்த கடல்மீனில் முள் இல்லாத துண்டாகப் பார்த்து வாங்கினாள். கூட ஒரு கை இறால். இறால் தலைகளைக் கொதிக்கவைத்துச் சாறு எடுத்தாள். வெண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்காமல் வதக்கி, மைதா தூவிக் கிண்டி, சாற்றை ஊற்றி, உருளைக்கிழங்கை வேகவிட்டாள். பிறகு மீன், இறால். கடைசியில் தீயை நன்றாகத் தணித்துக் காய்ச்சிய பாலும் பாலாடையும். அதற்குப் பிறகு கொதி வரவே கூடாது. கொடைக்கானலில் வெள்ளைக்கார அம்மா அதைச் சவுடர் என்பாள். அந்தப் பேரை நாகல் நகரில் சொல்லிப் பயனில்லை என்று கிளாரா சூப் என்றே சொன்னாள்.

பிரிஸ்கில்லா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“மீனையும் பாலையும் சேத்துத் தின்னா மேலெல்லாம் வெள்ள விழும்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். இது என் வீட்ல நடக்காது.”

கிளாரா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரொட்டி வாங்க பேக்கரிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பாத்திரத்தில் பால் திரிந்து, கட்டி கட்டியாகப் பழுப்புத் தண்ணீரில் மிதந்தது. பிரிஸ்கில்லா ஒரு கிண்ணம் புளியைக் கரைத்து ஊற்றியிருந்தாள்.

“மீன்னா புளி வேணும் மதினி. நீங்க மறந்துட்டீக போல.”

கிளாரா அத்தனையையும் சாக்கடையில் கொட்டினாள். மறுநாள் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று வாங்கிக் கொல்லையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை அங்கேயே சூப் வைத்து, அங்கேயே உட்கார்ந்து, தனியாகக் குடித்தாள். மூன்று வருடம் இப்படியே போயிற்று. தம்பி மகள் ஜெசிந்தாகூடக் கிட்டே வரமாட்டாள், அம்மா அப்படி மிரட்டி வைத்திருந்தாள்.

இரண்டாயிரமாவது வருடம் பங்குச்சாமியார் வீட்டுக்கு வெளிநாட்டு விருந்தாளிச் சாமியார் ஒருவர் வந்தார். காரம் ஆகாமல் பட்டினி கிடந்தவருக்குக் கிளாராவைக் கூப்பிட்டு சூப் வைக்கச் சொன்னார்கள். அவர் மூன்று கிண்ணம் குடித்தார். பங்குச்சாமியார் மகிழ்ந்துபோய், “ஈஸ்டர் முடிஞ்சதும் இங்கயே சமையலுக்கு வந்துரும்மா. பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு” என்றார். கிளாரா அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டாள். தனி அடுப்பு, தனிக் கதவு, பிரிஸ்கில்லாவின் முகத்தில் விழிக்காத காலை. அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் ஜெசிந்தாவுக்கு வடமதுரையில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத் தேதி குறிக்க மாப்பிள்ளையின் அம்மா இன்னாசியம்மாள் வந்திருந்தாள். பிரிஸ்கில்லா காப்பித் தட்டை நீட்டினாள். மூன்று வருடத்தில் வெள்ளை வளர்ந்து வாட்ச் பட்டைக்கு வெளியே வந்திருந்தது. இன்னாசியம்மாள் தம்ளரை எடுக்காமல் அந்தக் கையைப் பிடித்தாள்.

“இது என்ன சம்பந்தி? ஒங்க வம்சத்துல இருக்கா? பொண்ணுக்கும் வருமா?”

ராயப்பராஜ் தரையைப் பார்த்தான். பிரிஸ்கில்லாவுக்கு ஒரு நொடிதான் ஆனது.

“வம்சமெல்லாம் இல்லங்க. எங்க மதினி மீன்ல பால ஊத்தி சூப்பு வைப்பாக. மனசு கோணக் கூடாதேன்னு ஒருநாள் குடிச்சேன். அதுலருந்துதான் இப்படி.”

அடுப்படி வாசலில் நின்ற கிளாராவின் காதில் அது விழுந்தது. ஒரு கரண்டிகூட வாயில் வைக்காதவள்! இன்னாசியம்மாள் திரும்பினாள்.

“நெசந்தானாம்மா?”

ஒரு வார்த்தை போதும். நான் சூப் வைப்பதற்கு முன்பே அது இருந்தது என்று சொன்னால் பிரிஸ்கில்லாவின் மூஞ்சி கிழிந்துவிடும். கல்யாணமும் நின்றுவிடும். ஆமாம் என்றால் சாமியார் வீட்டு வேலை போச்சு. இன்னாசியம்மாளின் தங்கைதான் அங்கே துணி துவைக்கிறாள், மறுநாளே சேதி போய்விடும். கதவுத் திரைக்குக் கீழே ஜெசிந்தாவின் பாதங்கள் தெரிந்தன, விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன. பாழாய்ப்போன அந்த விரல்களைக் கிளாரா பார்த்துத் தொலைத்தாள்.

“ஆமா, என் சூப்புதான்” என்றாள். அதோடு விட அவளுக்கு மனசில்லை. “வேணாம் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. ரெண்டு கிண்ணம் குடிச்சா. அவ இம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?”

பிரிஸ்கில்லாவின் முகம் கறுத்தது. மறுக்க வழியில்லை.

“பொண்ணு குடிச்சுச்சா?”

“அவ மோந்துகூடப் பாக்கல.”

இன்னாசியம்மாள் பெருமூச்சு விட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் சாமியார் வீட்டிலிருந்து கோயில் உபதேசியார் காமராஜ் வந்து, வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். “சாமி வேற ஆளு பாத்துட்டாகம்மா. மனசுல வச்சுக்கிறாதீக.” கிளாரா பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்துப் பழைய கொடியிலேயே போட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, பிரிஸ்கில்லா பார்ப்பாளே என்று அழவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் முடிந்து ஜெசிந்தா வடமதுரைக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளாரா கொல்லைக்குப் போகவில்லை. வீட்டு அடுப்பிலேயே, யாரையும் கேட்காமல் சூப் வைத்தாள். இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை பிரிஸ்கில்லாவுக்கு முன்னால் தள்ளினாள்.

“குடி. நீதான் ஏற்கெனவே ரெண்டு கிண்ணம் குடிச்சவளாச்சே.”

பிரிஸ்கில்லா வாட்ச்சைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கிண்ணத்தை எடுத்து, மூக்கை மூடாமல், அடிவரைக்கும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“புளி பத்தல, மதினி” என்றாள்.