தாடையில் வைத்த விரல்

நான் சிறை வார்டராக இருந்தவன். குடியிருந்தது மயிலாப்பூரில், மாமியார் வீட்டில். "உனுக்கு மட்டும் ரெண்டு மாமியார் வூடு நைனா" என்று டிராமில் கூட வருகிறவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

முப்பதுகளின் தொடக்கம். சக கைதி ஒருவனைச் சவுக்கால் அடித்ததைக் கண்டித்து, அரசியல் கைதியான வாத்தியார் ஒருவர் சாப்பாட்டைத் தொட மறுத்தார். ஒல்லியான மனிதர். ஐந்தாம் நாள், குழாய் வழியாகக் கஞ்சி புகட்ட டாக்டர் வந்தார். முதலில் பிடித்த வார்டர் வாய்க்குள் கரண்டியை விட்டு நெம்பியதில் ஒரு பல் போயிற்று. அவனுக்கு மெமோ கொடுத்தார்கள். எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவுதான், அதற்குமேல் கூடாது என்பது ஜெயில் சூப்பரிண்டெண்ட் துரையின் உத்தரவு. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஒரு பிடி தெரியும். தாடை காதோடு சேருகிற இடத்தில் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். காயம் இருக்காது. அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. இரண்டு பேர் கைகாலைப் பிடிக்க, நான் தலைமாட்டில் உட்காருவேன். வாத்தியார் கூரையைப் பார்த்தபடியே கிடப்பார். எனக்குக் கோபமும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, என் விரல் படுவதற்கு முன்பே அவர் வாயைத் திறந்துவிட்டார். இன்று பலம் பயன்படுத்தவில்லை என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். வேலை சுலபமாயிற்று என்று நினைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் நான்கு வயதுப் பெண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற நாள். வழக்கமாக என் மனைவிதான் காலை நீட்டி அதன்மேல் குழந்தையைப் போட்டு, மூக்கைப் பிடித்துப் பாலாடையால் ஊற்றுவாள். குழந்தை ஊரைக் கூட்டும். பாதி எண்ணெய் புடவையில்தான் போகும். அன்று அலுத்துப்போய்ப் பாலாடையை என்னிடம் நீட்டினாள். நான் யோசிக்கவே இல்லை. விரல்கள் அந்த இடத்துக்குப் போயின, வாய் திறந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. குழந்தை அழவும் இல்லை.

மனைவி என் கையையே பார்த்தாள்.

"இன்னா பண்ணே? அடிச்சிருந்தாகூட கொயந்த அயுதிருக்கும்" என்றாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சில நாள் கழித்து, வேலை முடிந்து உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்தேன். அன்று எண்ணெய் நாள்கூட இல்லை. குழந்தை சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து எதிரில் நின்றது. தலையை நிமிர்த்தி, கூரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தது.

நான் அதைத் தொடவே இல்லை.